11 கம்ப்யூட்டர், 3.80 லட்சம் கொட்டேஷன்: வாங்கினால் போதுமா?

மண்டபம்_கணக்கு:

வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நீலக்கால் நண்டின் சதையைப் பிரித்து டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவது முக்கிய வேலை. கணவாயும் இறாலும் சீசனைப் பொறுத்து.

போன மாதம் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு கம்பெனியில் ஒரு சம்பவம். கன்டெய்னருக்கான பணத்தை அனுப்பிவிட்டேன் என்கிறார் சரக்கு வாங்கும் பையர். இங்கே வந்து சேரவில்லை. விசாரித்தால், இவர்கள் மெயிலிலிருந்தே புது வங்கிக் கணக்கு எண் போயிருக்கிறது. இவர்களில் யாரும் அனுப்பவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எங்கள் முதலாளிக்குத் தூக்கமில்லை. மதுரையிலிருந்து ஒரு பார்ட்டியை வரவழைத்தார். அவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு ஃபயர்வால் (வெளி நெட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி), மூன்று வருட சப்ஸ்கிரிப்ஷன், எல்லா மெஷினுக்கும் ஆன்டிவைரஸ் என்று 3.80 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் தெரிந்தவன் நீதான், சொல்லு, வாங்கலாமா?" என்று முதலாளி என்னைக் கேட்கிறார். எனக்குத் தெரிந்தது டேலியும் எக்ஸெலும்தான்.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 11 கம்ப்யூட்டர், பாதிக்கு மேல் விண்டோஸ் 10. பேக்கிங் ஹாலில் லேபிள் அடிக்கும் மெஷின் மட்டும் விண்டோஸ் 7. அந்த சாஃப்ட்வேர் புதிதில் ஓடாது என்கிறார்கள். டேலி ஒரு மெஷினில் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் ராமநாதபுரத்திலிருந்தே ரிமோட்டில் உள்ளே வந்து ஜிஎஸ்டி வேலையைப் பார்ப்பான். ஏற்றுமதி மெயில் இலவச ஜிமெயில், நான்கு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். கேமராவை முதலாளி மொபைலில் பார்ப்பார். பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் டேலி மெஷினிலேயே செருகியபடி இருக்கிறது, தினமும் சாயங்காலம் தானாகக் காப்பி ஆகும்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு நண்டு வருகிறது, விசைப்படகுச் சரக்கு இல்லாததால் ஆபீஸில் கொஞ்சம் மூச்சுவிட நேரமிருக்கிறது. ஜூன் 14 தாண்டினால் இதையெல்லாம் பேச ஆள் கிடைக்காது. அதற்குள் என்ன செய்ய வேண்டும்?

தூத்துக்குடி_ஷிப்பிங்:

கன்டெய்னர் மதிப்பைப் பார்த்தால் 3.80 லட்சம் பெரிய தொகை இல்லை சார். வாங்கிப் போட்டுவிடுங்கள். எங்கள் ஆபீஸில் பெரிய கம்பெனி ஃபயர்வால்தான், இதுவரை பிரச்சினை வந்ததில்லை. அதோடு தெரியாத மெயிலைத் திறக்க வேண்டாம் என்று ஸ்டாஃபிடம் சொல்லி வையுங்கள். மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருட சப்ஸ்கிரிப்ஷன் கேட்டால் விலையைக் குறைப்பார்கள். பேரம் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

உச்சிப்புளி_சர்வீஸ்:

தம்பி, கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்தக் கம்பெனிக்கு நடந்ததை இந்த 3.80 லட்சம் தடுத்திருக்குமா என்று முதலில் பார்ப்போம். தடுத்திருக்காது. திருடன் அவர்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வந்திருக்கவே வேண்டியதில்லை. மெயில் இருப்பது கூகுளின் சர்வரில். பாஸ்வேர்ட் கிடைத்தால் எந்த நாட்டில் உட்கார்ந்தும் திறக்கலாம், உங்கள் சுவரில் மாட்டிய பெட்டிக்கு அது தெரியவே தெரியாது.

நான் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை, பள்ளிக்கூடம், நண்டு கம்பெனி என்று மெஷின் பார்த்துப் பிழைக்கிறவன். ஃபயர்வால் விற்றால் எனக்கும் கமிஷன் உண்டு. அதனால் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மெயில் திருட்டு எப்படி நடக்கும் தெரியுமா? 'ஹெல்த் சர்டிபிகேட் திருத்தம்', 'ஷிப்பிங் டாக்குமென்ட்' என்று ஏதாவது ஒன்று வரும். திறந்தால் கூகுள் லாகின் மாதிரியே ஒரு பக்கம். பாஸ்வேர்ட் போட்டதும் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று காட்டும். மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவன் அன்றைக்கே எதுவும் செய்ய மாட்டான், வாரக்கணக்கில் சும்மா படிப்பான். யார் பையர், எந்தக் கன்டெய்னர் என்றைக்கு ஏறுகிறது, முதலாளி மெயிலை எப்படி முடிப்பார் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பையரின் பதில் உங்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போக ஒரு ஃபில்டரும் போட்டு வைப்பான். சரக்கு கப்பலேறிய சமயம் பார்த்து, 'எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை மட்டும் இதற்கு அனுப்புங்கள்' என்று இரண்டு வரி போகும். அதே இன்வாய்ஸ், அதே முத்திரை, அதே கையெழுத்து. கணக்கு எண் மட்டும் வேறு. சில சமயம் உங்கள் மெயிலிலிருந்தே போகும், சில சமயம் ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் போலத் தெரியும். மொபைலில் பார்க்கிற பையர் எங்கே கவனிக்கப் போகிறார்? அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2024இல் வந்த புகார்களின்படி இந்த வகை மோசடியில் மட்டும் பறிபோனது சுமார் 277 கோடி டாலர்.

அதனால் இன்றைக்கே அந்த ஏற்றுமதி ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து செட்டிங்ஸுக்குப் போங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங் என்று இரண்டு இடம் இருக்கும். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ரெக்கவரி போன் நம்பர் யாருடையது என்று பாருங்கள். வேலையை விட்டுவிட்டு சவூதி போன பழைய மேனேஜரின் நம்பர் அதில் இருப்பதை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி போல இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். நான்கு பேருக்கு ஒரே பாஸ்வேர்ட் என்பதோடு இனி முடிந்தது, ஆளுக்கு ஒரு லாகின்.

எல்லாவற்றையும் செய்தாலும் ஒருநாள் யாராவது ஏமாறுவார்கள். அப்போது காப்பாற்றப் போவது போன்தான். கணக்கு எண் மாற்றம் என்று யார் எழுதினாலும், பையரோ, டப்பா சப்ளையரோ, முதலாளி படம் போட்ட வாட்ஸ்அப் நம்பரோ, நம் டைரியில் ஏற்கெனவே இருக்கும் பழைய நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் நகரக் கூடாது. மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் திருடனே எடுத்து 'யெஸ் சார்' என்பான். வங்கியில் கேட்டு, பேமென்ட் போடுகிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் இன்னொருவர் என்று நெட் பேங்கிங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறுவனக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் அந்த வசதி உண்டு. இரண்டு ஓடிபியும் முதலாளியின் ஒரே போனுக்கு வருவது போல வைத்துக்கொண்டால் பிரித்ததில் அர்த்தமே இல்லை.

தம்பி கணக்குப் பார்க்கிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து மூன்று போலிப் பரிமாற்றங்கள் போயின. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். பணம் போனதற்கான ஒப்புகைச் சீட்டு வெளியே வராதபடி பிரின்டரையும் வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டபோது மாட்டியது, ஒரு பகுதியைத் தடுக்கவும் முடிந்தது. எந்த சாஃப்ட்வேரும் கத்தவில்லை, தினசரி ஒப்பிடும் வேலைதான் பிடித்தது. உங்கள் ஆபீஸில் வங்கி ஸ்டேட்மென்ட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒப்பிடுகிறீர்கள்? மாசக் கடைசியில் என்றால் அதை மாற்றுங்கள், ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது ஆடிட்டர் பையனின் ரிமோட். எனக்கு அதிகம் பயம் இதில்தான். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் கதவை, திறந்து வைத்திருந்தால், அதை உலகம் முழுக்க இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி புரோகிராம்கள் இருக்கின்றன. 3389 என்ற போர்ட் எண்ணை மாற்றிவிட்டோம் என்று சிலர் சொல்வார்கள், தேடுகிறவனுக்கு அது ஒரு தடையே இல்லை. திறந்த போர்ட்டை மூடுங்கள். விபிஎன் என்கிற பூட்டிய தனிப் பாதை வழியாக மட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்போடு, அவன் பெயரில் தனி லாகின் கொடுங்கள். வேலை இல்லாத நாளில் அணைத்து வையுங்கள். ஆள் மாறினால் அன்றைக்கே லாகினை எடுத்துவிட வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் எரிபொருள் குழாயையே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. உள்ளே வந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை.

லேபிள் மெஷினைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், லேபிள் இல்லாமல் சரக்கு போகாது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அதற்கு இன்டர்நெட் எதற்கு? கேபிளைப் பிடுங்குங்கள். அதற்கென்று ஒரு பென்டிரைவ், வேறு எதிலும் செருகாமல், செருகும் முன் ஸ்கேன் செய்து. கேமரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் அப்படித்தான்: மாட்டிய ஆள் வைத்த பாஸ்வேர்ட் இன்னும் இருந்தால் மாற்றுங்கள், ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு இலவச ஆதரவு முடிந்தது. முதலாளி 3.80 லட்சம் செலவு செய்யத் தயார் என்றால் அதில் பெரும்பகுதி அந்தப் பழைய மெஷின்களை மாற்றுவதற்குப் போகட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தைப் புரட்டிப் போட்டதே, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். 'கிராக்' போட்ட திருட்டு சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அவன் சொல்லும்போதே புரிந்திருக்க வேண்டும்.

இனி பேக்கப். டேலி மெஷினில் எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது தம்பி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் சி டிரைவைப் பூட்டிய கையோடு அதையும் பூட்டிவிடும். தொண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை காலை திறந்தால் எல்லா ஃபைலுக்கும் வால் மாதிரி ஒரு புதுப் பெயர், பக்கத்தில் செருகிய டிஸ்க்கிலும் அதே கதி. அந்த வருஷத்துக் கணக்கை எடைச் சீட்டுகளிலிருந்து திரும்ப ஏற்றினார்கள். நண்டு எடை போட்ட ஈரக் கையோடு தொட்ட கார்பன் காப்பி, பாதி எழுத்து ஊதா நிறத்தில் ஊறிப் போயிருந்தது. வியாபாரியைக் கூப்பிட்டு 'அன்றைக்கு எத்தனை கிலோ போட்டீர்கள்' என்று கேட்டுக் கேட்டு அடித்த அந்தப் பெண்ணின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வியாபாரிக்குத் தனக்குச் சாதகமான கிலோதான் ஞாபகம் வரும் என்பது வேறு விஷயம்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மற்றது. காப்பி ஆனதும் கழற்றிவிட வேண்டும், ஒன்று எப்போதும் கம்பெனிக்கு வெளியே இருக்க வேண்டும். நம் கரையில் உப்புக் காற்று யூஎஸ்பி முனையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும், அதனால் சிலிக்கா பாக்கெட் போட்டு மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். டிஸ்க் தொலைந்தால் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து, சாவியைத் தாளில் எழுதி முதலாளி பீரோவில். மூன்றாவது காப்பி ஆன்லைனில், பழைய பதிப்புகளையும் அழியாமல் வைத்திருக்கிற சேவையில்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் உக்ரைனின் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகக் கிளம்பி மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை அடித்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமம் நடத்திய டெர்மினல் முடங்கியது. பயனர் விவரங்களை வைத்திருக்கும் முக்கிய சர்வர்கள் ஒன்றுக்கொன்று காப்பியாக இருந்தன, எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, கானாவில். ஏன்? அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. 4,000 சர்வரும் 45,000 கம்ப்யூட்டரும் புதிதாக நிறுவினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். அவ்வளவு பெரிய கம்பெனியைக் காப்பாற்றியது இணைப்பில்லாமல் கிடந்த ஒரு மெஷின். மின்வெட்டு நமக்கு மட்டும் பஞ்சமா?

கொட்டேஷனுக்கு வருகிறேன். ஃபயர்வால் வேண்டாத பொருள் என்று சொல்லவில்லை. கேமரா, லேபிள், ஆபீஸ் மூன்றையும் பிரிக்க, விபிஎன் கொடுக்க ஒரு சின்னது போதும். தூத்துக்குடி நண்பர் பிரச்சினை வந்ததில்லை என்கிறார், நல்லது. ஆனால் அந்தப் பெட்டி தரும் எச்சரிக்கையை உங்கள் கம்பெனியில் யார் படிப்பார்கள் என்று மதுரைப் பார்ட்டியிடம் கேளுங்கள். பதில் 'நாங்கள் ரிமோட்டில் பார்ப்போம்' என்றால், அவர்கள் லாகினும் உங்களுக்கு இன்னொரு கதவு என்று கணக்கில் வையுங்கள். 2024 ஜூலை 31 அன்று சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தில் ரேன்சம்வேர் வந்ததால், அதை நம்பியிருந்த ஏறக்குறைய 300 சிறிய வங்கிகளைப் பேமென்ட் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டியிருந்தது. கூட்டுறவு வங்கி வாசலில் நின்ற வாடிக்கையாளருக்கு சி-எட்ஜ் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

கீழக்கரை_துபாய்:

உச்சிப்புளி காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதில் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன், பையர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

உங்கள் மெயில் பத்திரமாக இருந்தாலும் பையரின் மெயில் திருடு போயிருந்தால் அதே கதைதான். அதனால் உங்கள் இன்வாய்ஸிலேயே, கணக்கு எண்ணுக்குக் கீழே, 'இந்தக் கணக்கு மாறினால் மெயிலில் தெரிவிக்க மாட்டோம், போனில் பேசி உறுதி செய்யாத மாற்றத்தை ஏற்க வேண்டாம்' என்று தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். பணம் அனுப்பும் கிளார்க் படிப்பது மெயிலை அல்ல, இன்வாய்ஸைத்தான். வருடத்துக்கு ஒருமுறை பையரோடு வீடியோ காலில் பேசும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, இலவச ஜிமெயிலை விட்டு உங்கள் கம்பெனிப் பெயரில் டொமைன் வாங்குங்கள். அப்போதுதான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போட முடியும். உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று நீங்களே உலகத்துக்கு அறிவிக்கிற ஏற்பாடு அது. டிமார்க்கைப் போட்டுவிட்டு 'கவனிக்க மட்டும்' என்ற நிலையிலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அறிக்கைகளைப் பார்த்துக் கொஞ்ச நாளில் 'நிராகரி' வரை கொண்டு போக வேண்டும். எழுத்து மாறிய போலி டொமைனை இது தடுக்காது, அதற்கு காக்கா சொன்ன போன்தான்.

ஓடிபி பற்றி ஒன்று. இப்போதைய போலி லாகின் பக்கங்கள் ஓடிபியையும் வாங்கி உடனே உண்மையான பக்கத்தில் போட்டு நுழைந்துவிடுகின்றன. பாஸ்வேர்டுக்குப் பதில் போனே சாவியாகும் பாஸ்கீ, அல்லது செருகும் யூஎஸ்பி சாவி என்றால் போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. முதலாளிக்கும் ஏற்றுமதி மேசைக்கும் மட்டுமாவது அதைப் போடுங்கள்.

டேலியையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் இந்த டிஸ்க், டப்பா, சிலிக்கா எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. காக்காவுக்கு அதில் என்ன தயக்கம் என்று தெரியவில்லை.

உச்சிப்புளி_சர்வீஸ்:

தயக்கம் கிளவுடில் இல்லை காக்கா, நம் ரோட்டில். சாலை வேலையில் ஃபைபரை வெட்டிவிட்டால் அரை நாள் நெட் இருக்காது. லாரி வாசலில் நிற்கும்போது பில் அடிக்க முடியாது. கிளவுடில் வைத்தாலும் உள்ளே போகிற பாஸ்வேர்டைத் தொலைத்தால் அங்கேயும் போய்விடும். மெயில், டொமைன், பாஸ்கீ மூன்றும் சரி, நான் விட்டதை எடுத்துக் கொடுத்தீர்கள்.

மண்டபம்_கணக்கு:

இரண்டு பேருக்கும் நன்றி. ஃபில்டர் பகுதியைப் பார்த்தேன், அதில் எதுவும் இல்லை. ஆனால் ரெக்கவரி நம்பர் அண்ணன் சொன்ன மாதிரியேதான், போன வருஷம் போன ஆளுடையது. மாற்றிவிட்டேன்.

முதலாளி இன்னொன்று கேட்கச் சொன்னார். இவ்வளவு செய்தும் ஒருநாள் காலையில் திரையில் 'பணம் கொடு' என்று வந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா என்பது அவர் எண்ணம்.

உச்சிப்புளி_சர்வீஸ்:

முதலில் நெட் கேபிள். அந்த மெஷினுடையதை மட்டும் அல்ல, சுவிட்சிலிருந்தே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். முடிந்தவரை மெஷினை ஆஃப் செய்யாதீர்கள், ஃபார்மட் பண்ணவே கூடாது. என்ன நடந்தது என்பதற்கான தடயம் அதில்தான். கண்ணெதிரே ஃபைல்கள் பூட்டிக்கொண்டே போகின்றன, கேபிளைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் மட்டும் பவரை அணைக்கலாம். திரையை மொபைலில் போட்டோ எடுங்கள். பேக்கப் டிஸ்க்கை 'இருக்கிறதா பார்ப்போம்' என்று அவசரப்பட்டுச் செருகிவிடாதீர்கள், இருக்கிற ஒன்றும் போய்விடும்.

அடுத்து போன். பணம் நகர்ந்திருந்தால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். வெளிநாட்டு பையர் தவறான கணக்குக்கு அனுப்பியிருந்தால், திரும்பக் கேட்க வேண்டியது அனுப்பிய வங்கி. அதனால் நள்ளிரவானாலும் பையரை எழுப்பி, அவர் வங்கியில் சொல்ல வையுங்கள். அமெரிக்க பையர் என்றால் எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும் அவர் புகார் கொடுக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், பின்னால் வங்கியோடும் இன்சூரன்ஸோடும் பேச அது தேவைப்படும்.

சட்டப்படி இன்னொன்றும் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800-11-4949. ஐடி கம்பெனிக்குத்தானே என்று நினைக்க வேண்டாம், நிறுவனம் என்றால் நாமும்தான். யார் எப்போது நுழைந்தார்கள் என்று மெஷின்களே எழுதி வைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் டிவிஆர்களில் கடிகாரமே ஒரு மணி நேரம் தள்ளி ஓடும். அதையும் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் யார் எப்போது வந்தார்கள் என்று எதையும் பொருத்திப் பார்க்க முடியாது. பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிற இடம், அவர்களுடைய ஆதாரும் வங்கி விவரமும் உங்கள் மெஷினில் இருக்கும். 2023ஆம் வருட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்காமல் தரவு வெளியே போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. பழைய ஆட்களின் ஆதார் நகல் ஃபோல்டர் சும்மா கிடந்தால், தேவையில்லாததை இப்போதே அழித்துவிடலாம். இல்லாததை யாரும் திருட முடியாது.

பணம் கட்டுவது பற்றி முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள். காலனியல் பைப்லைன்காரர்கள் 75 பிட்காயின், அன்றைய விலையில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள். வாங்கிய திறப்புக் கருவி அவ்வளவு மெதுவாக ஓடியது, தங்கள் சொந்த பேக்கப்பையும் வைத்துத்தான் மீள வேண்டியிருந்தது. திருடனின் சாஃப்ட்வேருக்குக் கஸ்டமர் கேரா இருக்கிறது? கொடுக்கிற கம்பெனி என்று பெயர் பரவினால் அடுத்தவனும் வருவான். கொடுப்பதற்கு முன் 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தைப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது, சில பழைய வகைகளுக்கு இலவசச் சாவி அங்கே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்தால், பிறகு சாவி வெளிவந்தாலும் உதவும்.

இந்த நம்பர்களையெல்லாம் மெயிலில் சேமித்து வைக்காதீர்கள், அன்றைக்கு மெயிலே திறக்காது. வங்கி மேனேஜர், பையர், ஷிப்பிங் ஏஜென்ட், ஆடிட்டர், 1930, செர்ட்-இன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து தராசு அறையில் ஒன்று, ஆபீஸில் ஒன்று ஒட்டுங்கள். கேபிளைப் பிடுங்கும் முடிவை முதலாளியைக் கேட்காமலே எடுக்கலாம் என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து அந்தப் பெயரையும் அதில் எழுதுங்கள். அவர் கொழும்பு ஃபிளைட்டில் இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும்.

தடைக்காலம் முடியும் முன் ஒருநாள் நான் வந்து பார்க்கிறேன். அதற்குள் டிஸ்க் இரண்டும் வாங்கி காப்பி எடுத்து வையுங்கள். டேலி இன்ஸ்டால் செய்யாத காலி மெஷின் ஒன்றையும் ஒதுக்குங்கள், அந்தக் காப்பியிலிருந்து போன மாத நண்டுக் கொள்முதல் ரிப்போர்ட் அதில் வருகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். வந்தால்தான் மதுரைக்காரருக்குப் பதில் சொல்வது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று முதலில் அதைத்தான் நோண்ட வேண்டும்.